புதுக் குசினிக்கு எந்தச் சட்டி, எந்தக் கத்தி? கையில நிண்டதை மட்டும் சொல்லுங்கோ

மாங்குளத்து மருமகள்
எல்லாருக்கும் வணக்கம். மாமியோட ஒரே குசினியில நாலு வருசம் சமைச்சுப்போட்டு, போன மாசம்தான் வீட்டுத்திட்ட வீட்டுக்குத் தனிய வந்திருக்கிறம். குசினி இருக்கு, உள்ளுக்கு ஒண்டும் இல்லை. கலியாணத்துக்கு வந்த நொன்ஸ்டிக் செட் ஒண்டு பெட்டியோட கிடந்தது. மாமி வீட்டில வைச்சே அதை எடுத்துப் பாவிக்கத் தொடங்கி எட்டு மாசம் ஆகேல்ல, தாச்சியின்ர நடுவில கறுப்புத் தோல் உரிஞ்சு முட்டைப்பொரியலுக்குள்ள வருது. கத்தியும் அப்பிடித்தான். மஞ்சள் பிடி, பளபளப்பு, எல்லாம் வடிவு. தக்காளியில வைச்சு அமத்தினால் தக்காளி நசியுமே ஒழிய வெட்டுப்படாது.

மாமியின்ர கத்தி கறுத்துப்போய்க் கிடக்கும், ஆனால் வெண்காயத்தில வைச்சால் சத்தமே இல்லாமல் இறங்கும். அதைக் கேக்க எனக்கு வாய் வரேல்ல.

கையில 25,000 ரூபா இருக்கு. காஸ் அடுப்பும் இருக்கு, வெளியில விறகடுப்பும் போட்டாச்சு. பிரஷர் குக்கரும் றைஸ் குக்கரும் இருக்கு, அதைப் பற்றிக் கேக்கேல்ல. நாள்தோறும் சமைக்கிறதுக்கு நீங்கள் எதைக் கையில எடுக்கிறனீங்கள்? விளம்பரத்தில பாத்ததை விட்டுட்டு, பாவிச்சதைச் சொல்லுங்கோ.

பரந்தன் சந்தி
மண்சட்டி ரண்டு, இரும்புத் தாச்சி ஒண்டு, கத்தி ஒண்டு. மிச்சக் காசுக்கு ஊர்க்கோழி வாங்குங்கோ தங்கச்சி.

குளக்கட்டு
தம்பி பகிடிக்குச் சொன்னாலும் சரியாத்தான் சொல்லியிருக்கிறார். ஆனால் மண்சட்டி ரண்டு காணாது பிள்ளை, மூண்டு வேணும். ஒண்டு மீனுக்கு, ஒண்டு இறைச்சிக்கு, ஒண்டு மரக்கறி, சொதி, பால்கறிக்கு. சட்டி மண் எல்லாத்தையும் குடிச்சு வைச்சிருக்கும். நீ எவ்வளவு தேய்ச்சுக் கழுவினாலும் சூடைமீன் காய்ச்சின சட்டியில பூசணிக்காய்ப் பால்கறி வைச்சால், அது சூடைமீனைப் பற்றித்தான் கதைக்கும். வெள்ளிக்கிழமைக்கு எண்டு நான் இன்னொண்டு வேற வைச்சிருக்கிறன். அது உன்ர விருப்பம்.

புதுச்சட்டியை வாங்கின கையோட அடுப்பில வைக்காத. ஒரு இரவு முழுக்கத் தண்ணிக்குள்ள அமிழ்த்தி வை. அமிழேக்க குமிழ் குமிழா வரும், அது நிக்கும்வரைக்கும் குடிக்கட்டும். அடுத்த நாள் சோறு வடிச்ச கஞ்சியை விட்டு மெல்லிய நெருப்பில கொதிக்க வை. ஆறினபிறகு ஊத்திப்போட்டு, தேங்காய்ப்பூச் சக்கையை உள்ளுக்குப் போட்டு, கறுக்கிற அளவுக்கு வறு. நான் இதை ரண்டு தரம் செய்வன். மண்ணின்ர கண்கள் அடைபடும், மண் மணமும் போகும்.

வாங்கேக்க விரலை மடிச்சுத் தட்டிப் பார். கிண் எண்டு கேட்டால் எடு. சொத்தை அடிச்ச சத்தம் வந்தால் எங்கயோ ஒரு மயிர்க்கோடு வெடிப்பு இருக்கு, வை கீழ.

எனக்கு நடந்ததைச் சொல்லுறன். 2022இல காஸுக்கு வரிசையில நிண்ட காலம். விறகடுப்பில கணவாய்க் கறி, வத்தி வாற நேரம். இறக்கி, கழுவிவிட்ட சீமெந்து நிலத்தில வைச்சன். டக் எண்டு ஒரு சத்தம், அவ்வளவுதான். சட்டியின்ர அடி அப்பிடியே வட்டமாக் கழண்டு நிலத்தில நிக்குது, நான் விளிம்பை மட்டும் கையில பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். கறி முழுக்க வாசலால ஓடுது. மனிசன் ஒண்டும் கதைக்காமல் நாயைக் கூப்பிட்டார். அண்டையில இருந்து எங்கட வீட்டில ஓலைத் திருகணி இல்லாமல் ஒரு சட்டியும் நிலத்துக்கு வராது.

நந்திக்கடல்
அக்கா சட்டிக்குச் சொல்லிப்போட்டா, நான் கத்திக்கு வாறன். எங்கட வீட்டில மீன் வெட்டுறது நான்தான். அம்மாவின்ர காலத்தில எல்லாம் இருந்து அரியிற அரிவாள்தான். காலால மிதிச்சுக்கொண்டு ரண்டு கையாலும் மீனைப் பிடிக்கலாம். குளத்து விராலை அரிய அதுக்கு நிகர் ஒண்டும் இல்லை. விராலுக்குச் சாம்பல் போட்டுப் பிரட்டாட்டில் அது செத்தாப்பிறகும் கையை விட்டு ஓடும். பலகையில வைச்சு ஒரு கையால வெட்டப்போய் என்ர தம்பி விரலில ஆறு தையல் வாங்கினவன்.

ஆனால் இப்ப குந்தியிருக்க முழங்கால் விடுகுதில்லை, குசினியும் எல்லாம் நிண்டு சமைக்கிற மேடையாப் போச்சு. அதால கத்திக்கு மாறினன். கம்மாலையில சொல்லி லொறி வில்லுத்தகட்டில அடிச்சது, ஏழு அங்குல அலகு. பன்னிரண்டு வருசமா அதுதான். பாரையின்ர தலையைப் பிளக்கிறதும் அதுதான், சின்ன வெண்காயம் அரியிறதும் அதுதான். கறள் பிடிக்கும், இல்லையெண்டு சொல்லேல்ல. மாங்காய் வெட்டிப்போட்டு அப்பிடியே வைச்சால் பத்து நிமிசத்தில அலகு கறுத்து, மாங்காயிலும் கறுப்புப் பிடிக்கும். வெட்டி முடிஞ்ச உடன கழுவி, துடைச்சு, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். மாமியின்ர கத்தி கறுப்பு எண்டு சொன்னீங்களே, அது ஊத்தை இல்லைத் தங்கச்சி. அது அலகு போட்டுக்கொண்ட தோல்.

ரொறன்ரோ வன்னியான்
இஞ்ச நான் ஜப்பான் கத்தி பாவிக்கிறன். ஒருக்கா அதைப் பிடிச்சால் வேற எதையும் தொட மனம் வராது. மெல்லிய அலகு, ஒரு பக்கத்துக்குப் பதினைஞ்சு பாகைக் கோணம். கரட்டை வெட்டினால் பிளக்கிற சத்தமே இல்லை. ஊரில ஏன் இதை ஒருத்தரும் எடுக்கிறியள் இல்லை?

பரந்தன் சந்தி
அண்ணை, அந்தக் கத்தியால நண்டு உடைச்சனீங்களோ?

ரொறன்ரோ வன்னியான்
தம்பி நீர் எங்க அடிச்சால் நோகும் எண்டு தெரிஞ்சு வைச்சிருக்கிறீர். 😄 போன வருசம் அம்மா ஊரில இருந்து வந்தவ. நான் வேலையால வாறதுக்குள்ள அந்தக் கத்தியின்ர வாயால தேங்காயை ரண்டாப் பிளந்து வைச்சிருக்கிறா. அலகில அரிசிமணி அளவில மூண்டு பொக்கு. கேட்டால், "தேங்காய் உடைக்க ஏலாத கத்தி என்னடா கத்தி" எண்டுறா. கல்லில தேய்ச்சுத் தேய்ச்சு அந்தப் பொக்கை எடுக்க எனக்கு ரண்டு சனிக்கிழமை போனது.

கம்மாலைப் பெடியன்
அண்ணையின்ர அம்மாவிலயும் பிழையில்லை, கத்தியிலயும் பிழையில்லை. இரும்பு கூடுதலா வைரமானால், அதாவது கடினமானால், கூர் கனநாள் நிக்கும், ஆனால் நொருங்கும். கொஞ்சம் மெதுவானால் கூர் கெதியா மழுங்கும், ஆனால் நொருங்காது, மடியும். அந்த வைரத்தை றொக்வெல் எண்டு ஒரு அளவில சொல்லுவினம். ஜேர்மன் கத்தியள் 56, 58 மட்டில நிக்கும். ஜப்பான் கத்தியள் 60க்கு மேல. எங்கட தேங்காய், நண்டு, எலும்பு எல்லாத்துக்கும் ஒரே கத்தி எண்டால் மேல போகப்படாது.

எங்கட அப்பா கம்மாலை வைச்சிருந்தவர். இப்ப நான் செய்யிறன், ஆனால் கத்திக்கு வாற ஓடர் குறைவு, கூட மண்வெட்டிதான். வில்லுத்தகடு ஏன் நல்லதெண்டால் அதில கரி (காபன்) நூற்றுக்கு 0.6 மட்டில இருக்கும். கட்டிடக் கம்பி, கேற் அடிக்கிற பட்டம் எல்லாம் 0.25க்குக் கீழ. அதை எவ்வளவு காய்ச்சித் தோய்ச்சாலும் வைரம் ஏறாது. சந்தையில மலிவா வாற கத்தியளும் கனக்க வைரம் குறைஞ்ச இரும்புதான், மேல மட்டும் மினுக்கம்.

அலகு அடிச்சு முடிஞ்சதும் உலையில திருப்பி வைச்சுச் சிவக்கக் காய்ச்சுவம். எவ்வளவு சிவப்பு எண்டதுதான் தொழில். அப்பா கொட்டிலின்ர தட்டியைச் சாத்திப்போட்டு இருட்டில நிறம் பாப்பார். நான் ஒரு காந்தத் துண்டைக் கம்பியில கட்டி வைச்சிருக்கிறன். இரும்பு 770 பாகை சென்ரிகிறேட்டைத் தாண்டினால் காந்தம் ஒட்டாது. ஒட்டாமல் விட்ட பிறகு இன்னும் கொஞ்சம் ஊதி, எண்ணெய்க்குள்ள நேர குத்தித் தோய்ப்பன். வில்லுத்தகட்டைத் தண்ணியில தோய்ச்சால் சில நேரம் "டிங்" எண்டு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் அலகைத் தூக்கிப் பழைய இரும்புக் குவியலில எறிய வேண்டியதுதான், வெடிச்சிட்டுது.

தோய்ச்ச அலகு கண்ணாடி மாதிரி, கீழ விழுந்தால் உடையும். அதைத் தேய்ச்சு வெளுப்பாக்கிப்போட்டு, முதுகுப் பக்கத்தால மெல்லச் சூடு காட்ட, வைக்கோல் நிறம் அலையா வாய்ப்பக்கம் ஓடி வரும். அது 200 பாகைக்குக் கொஞ்சம் மேல. நிறம் வாயைத் தொட்ட உடன எடுத்திடோணும். நீலம் வரவிட்டால் வெட்டுக்கத்திக்குச் சரி, குசினிக் கத்திக்கு மெதுமை.

வாங்கப் போறவைக்கு ஒண்டு சொல்லுறன். ஒரு சின்ன அரம் கொண்டுபோங்கோ. அலகின்ர வாயில மெல்ல ஒரு இழுவை. அரம் வழுக்கினால் நல்ல வைரம். வெண்ணெய் மாதிரிக் கடிச்சுத் தூள் வந்தால் வேண்டாம். கடைக்காரர் முறைப்பார், பறவாயில்லை.

மற்றது, இது எல்லாருக்கும். காணி துப்புரவாக்கேக்க மண்ணுக்குள்ள எடுத்த இரும்பு எண்டு சொல்லிக் கம்மாலைக்குக் கொண்டுவராதேங்கோ. சண்டை நடந்த எங்கட மண்ணில அது என்ன இரும்பெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. உலையில வைக்கிறவன் நான்.

பாலைப்பழம்
நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறனான், நொன்ஸ்டிக் பற்றி ரண்டு சொல்லுறன். அந்தக் கறுப்புப் பூச்சு PTFE, அதாவது பி.ரி.எஃப்.ஈ. எண்ட ஒரு வகைப் பிளாஸ்ரிக். உரிஞ்சதில ஒரு துண்டை விழுங்கினால் அது உடம்பில சேராமல் வெளியில போயிடும். பயம் அதில இல்லை, சூட்டில. 260 பாகைக்கு மேல போனால் பூச்சுச் சிதையத் தொடங்கும். கூட்டில கிளி வளக்கிற வீட்டில அந்தப் புகை கிளியைக் கொல்லும். வெறும் தாச்சியைப் பெரிய நெருப்பில வைச்சுப்போட்டுக் கடுகைத் தேடப் போற ஆக்களுக்கு அந்தச் சூடு வர அதிக நேரம் எடாது. தேங்காயெண்ணெய் 180 பாகை மட்டிலயே புகைக்கத் தொடங்கும், அதால எண்ணெய் விட்டிருந்தால் அதே உங்களுக்கு முந்திச் சொல்லிப்போடும். விறகடுப்பில நொன்ஸ்டிக் வைக்கவே கூடாது.

புளிக்கறியை அலுமினியத்தில வைச்சு இரவு முழுக்க விடாதேங்கோ, புளி அலுமினியத்தை அரிக்கும். பித்தளையிலும் வெள்ளீயம் பூசாமல் புளி காய்ச்சக்கூடாது, களிம்பு ஏறும். இரும்புத் தாச்சியில புளி விட்டால் கேடில்லை, ஆனால் நீங்கள் மாசக்கணக்காப் பழக்கின எண்ணெய்ப் படலம் போய், கறியும் இரும்புச் சுவை அடிக்கும்.

குளக்கட்டு
அதுதான் பிள்ளை புளிக்கு மண்சட்டி எண்டுறது. இண்டைக்கு வைச்ச மீன்குழம்பு நாளைக்குக் காலமை புட்டோட திண்ணேக்க தெரியும்.

சிவப்பரிசி
எல்லாரும் நொன்ஸ்டிக்கை அடிக்கிறியள். எங்கட மனிசனுக்குக் கொழுப்புக் கூட, டொக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொல்லிப்போட்டார். ஒரு தேக்கரண்டி எண்ணெயில முட்டை பொரிக்க எனக்கு வேற வழி இல்லை. சின்னத் தீ, மர அகப்பை, தும்பு போட்டுத் தேய்க்கிறதில்லை. மூண்டு வருசம் நிக்குது. சாமானைப் பழிக்க முந்தி உங்கட நெருப்பைக் குறையுங்கோ.

பாலைப்பழம்
ஒத்துக்கொள்ளுறன் அக்கா.

வட்டுவாகல் பாலம்
வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். அலுமினியத்தைப் பற்றி எழுதினபடியால் நானும் ஒண்டு எழுதுறன்.

2008 கடைசியில சண்டைக்குள்ள இடம்பெயர்ந்து கிளிநொச்சியால வெளிக்கிடேக்க, உழவு இயந்திரப் பெட்டியில எங்கட குசினி முழுக்க ஏறினது. அம்மி, ஆட்டுக்கல்லு, கிடாரம், அம்மம்மாவின்ர பித்தளைக் குடம், மண்சட்டி வைக்கோலுக்குள்ள சுத்தி. தருமபுரத்தில அம்மியும் ஆட்டுக்கல்லும் இறங்கினது. விசுவமடுவில கிடாரம். மண்சட்டி எல்லாம் வழியில தானா முடிஞ்சுது. குடத்தைக் கிணத்துக்குள்ள இறக்கிப்போட்டு, வந்து எடுப்பம் எண்டு அப்பா அடையாளம் சொன்னார். கடைசியா இந்த வட்டுவாகல் பாலத்தால வரேக்க அம்மாவின்ர கையில ஒரு அலுமினியப் பானையும் அதுக்குள்ள ஒரு கரண்டியும். கத்தி இல்லை. இருந்தாலும் சோதினையில விடமாட்டினம்.

மெனிக் பாம் முகாமில அந்தப் பானைதான் எல்லாம். தண்ணி எடுக்கிறது, கஞ்சி வாங்குறது, பருப்பு அவிக்கிறது, தங்கச்சியைக் குளிக்க வாக்கிறது. வெண்காயத்தைப் பால்மா ரின்னின்ர மூடியை மடிச்சு வெட்டினம்.

பானை இப்பவும் இருக்கு, ஒரு பக்கம் நெளிஞ்சபடி. அம்மா அதில தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிக்க வைக்கிறா. புளி காய்ச்சிறதில்லை, பாலைப்பழம் சொன்னது சரிதான். குடம் கிடைக்கேல்ல.

நந்திக்கடல்
அக்கா, எங்கட வீட்டில சிரட்டை அகப்பை ஒண்டுதான் வந்தது. ஏன் அதைத் தூக்கினவ எண்டு அம்மாவுக்கே இண்டைக்குவரைக்கும் தெரியாது.

மாங்குளத்து மருமகள்
வட்டுவாகல் அக்கா, வாசிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் ஒண்டும் எழுத வரேல்ல.

கத்தி கம்மாலையில சொல்லுறது எண்டு முடிவெடுத்திட்டன். ஆனால் கூர் போனால் என்ன செய்யிறது? மாமி சீமெந்துத் திண்ணையில தீட்டுவா. சாணை பிடிக்கிற ஐயா சைக்கிளில வருசத்துக்கு ஒருக்காத்தான் இந்தப் பக்கம் வாறவர்.

கம்மாலைப் பெடியன்
சீமெந்தில தீட்டினால் வெட்டும், ஆனால் அலகைத் திண்டுபோடும். தண்ணி விட்டுத் தீட்டுற, ஆயிரம் எண் போட்ட கல் ஒண்டு வாங்குங்கோ, வீட்டுக்கு அது காணும். கல் கிடைக்கும்வரைக்கும் பீங்கான் கோப்பையைக் கவிட்டு, அடியில மினுக்கம் இல்லாத வளையம் இருக்கெல்லோ, அதில தீட்டலாம்.

கோணத்துக்கு ஒரு சுகமான கணக்கு. அலகு நாலு சென்ரிமீற்றர் அகலம் எண்டால், முதுகைக் கல்லில இருந்து ஒண்டரைக்குக் கொஞ்சம் குறைய உயர்த்துங்கோ. அது இருபது பாகை மட்டில வரும். உயரத்தை மாத்தாமல் ஒரு பக்கமே இழுங்கோ, மற்றப் பக்கத்தைப் பெருவிரலால தடவினால் பிசிர், அதாவது வாயில மடிஞ்சு நிக்கிற மெல்லிய இரும்பு விளிம்பு, சொரசொரக்கும் மட்டும். பிசிர் நுனியில இருந்து பிடிவரைக்கும் வந்தால்தான் மற்றப் பக்கம் திருப்பலாம். கனபேர் விடுகிற பிழை இதுதான், பிசிர் வர முந்தியே திருப்பித் திருப்பித் தேய்ப்பினம். கடைசியா ரண்டு பக்கமும் மாறி மாறி மெல்ல, பேந்து பழைய தோல் பெல்ற்றில பின்பக்கமா நாலு இழுவை.

வெட்டுறது பலகையில. கண்ணாடிப் பலகை, மாபிள் மேடை, எவர்சில்வர் தட்டு மூண்டிலயும் வெட்டினால் என்னட்டக் குறை சொல்ல வராதேங்கோ. இறைச்சிக்கடைக்காரர் புளியங்குத்தி வைச்சிருக்கிறது சும்மா இல்லை.

சிவப்பரிசி
புட்டுக்கு எதில அவிக்கிறியள் எல்லாரும்? ஓலை நீத்துப்பெட்டியை ஒருத்தரும் சொல்லேல்ல.

குளக்கட்டு
அதைச் சொல்லவும் வேணுமோ! எவர்சில்வர் குழலில ஆவி தண்ணியாகிப் புட்டு அடியில களியாப் போகும். ஓலை ஆவியை விடும், ஈரத்தைத் தான் குடிக்கும். ஆனால் காயவைக்காமல் மூடி வைச்சால் பூஞ்சணம். நான் அடுப்புக்கு மேல கொழுவி விடுவன்.

பரந்தன் சந்தி
விறகடுப்பில வைக்க முந்தி சட்டியின்ர வெளிப்பக்கம் சாம்பலைக் குழைச்சுப் பூசுங்கோ தங்கச்சி. கரி சட்டியில பிடியாது, சாம்பலோட கழுவுப்படும். இது பகிடி இல்லை.

மாங்குளத்து மருமகள்
ஒன்றரை மாசம் கழிச்சு வாறன், கணக்குச் சொல்லாமல் விட்டால் சரியில்லை.

மண்சட்டி மூண்டு வாங்கினன். தட்டிப் பாத்துத்தான் எடுத்தன், கடைக்கார அம்மா "ஆர் பிள்ளை உனக்குச் சொல்லித் தந்தது" எண்டு கேட்டா. அப்பிடித் தட்டி எடுத்தும் ஒண்டு பழக்கேக்கயே கசிஞ்சுது, அதுக்குள்ள இப்ப கறிவேப்பிலைக் கண்டு நிக்குது. இரும்புத் தாச்சி ஒண்டு. முதல் கிழமை எல்லாம் ஒட்டிச்சுது, அழுகை வந்தது. ஒவ்வொரு நாளும் கழுவி, அடுப்பில வைச்சுக் காயவிட்டு, எண்ணெய் தடவி வைச்சன். மூண்டாம் கிழமை கத்தரிக்காய் பொரிக்கேக்க தானா வழுக்கி வந்தது. முட்டைக்கு இன்னும் துணிவு வரேல்ல, சிவப்பரிசி அக்கா சொன்ன மாதிரி சின்ன நொன்ஸ்டிக் ஒண்டு எடுத்தன். பழசை எறிஞ்சாச்சு. நீத்துப்பெட்டி ரண்டு.

கத்தி 2,200 ரூபா. ஆறரை அங்குலம், முதிரைப் பிடி. முதல் நாளே பெருவிரலில ஒரு கோடு, நோகவும் இல்லை, இரத்தத்தைப் பாத்துத்தான் தெரிஞ்சுது. வெட்டு வெட்டெண்டு வெட்டி அலகில இப்ப நீலமும் சாம்பலுமா நிறம் ஏறுது.

போன ஞாயிறு மாமி வந்தவ. முருங்கைக்காய் வெட்டித் தாறன் எண்டு கத்தியைக் கையில எடுத்தா. ஒண்டு வெட்டினா. நிப்பாட்டி அலகைத் திருப்பித் திருப்பிப் பாத்தா. பேந்து முருங்கைக்காய் முழுக்க வெட்டி, அதுக்குப் பிறகு நான் கேக்காமலே வெண்காயம், பச்சைமிளகாய், நாளையான் கறிக்கு வைச்ச பயித்தங்காய் எல்லாத்தையும் வெட்டிப்போட்டா. "எங்க அடிச்சனீ?" எண்டு மட்டும் ஒரு கேள்வி.

பின்னேரம் அவ போனாப்பிறகு பாத்தால் மேடையில கத்தியைக் காணேல்ல. பழைய கறுப்புக் கத்தி கிடக்குது, புதுசாத் தீட்டினபடி.

கம்மாலைத் தம்பி, இன்னொண்டு அடிக்க எத்தினை நாள் எடுக்கும்?

கம்மாலைப் பெடியன்
பத்து நாள் அக்கா. மாமியின்ரயை வேண்டாமெண்டால் சொல்லுங்கோ, அதை நான் எடுக்கிறன்.

மாங்குளத்து மருமகள்
தரமாட்டன்.